பட்டியலைப் பார்த்தாலே படபடப்பா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

பாரத்தை இறக்கி வைக்கத்தான் வேலைகளைப் பட்டியல் போட ஆரம்பிக்கிறோம். கொஞ்ச நாளில் அந்தப் பட்டியலே பாரமாகிவிடுகிறது. எழுபது எண்பது வரி சேர்ந்ததும் 'நமக்கு ஒழுங்கு பத்தாது' என்று நம்மையே திட்டிக்கொள்வதுதான் வழக்கம். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் ஆளிடம் இருப்பதில்லை. வரிகளை எழுதிய விதத்திலும், யோசிக்காமல் உள்ளே விட்ட விதத்திலும்தான் இருக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் இன்ஜினைப் பிரிக்க மாட்டார். பெட்ரோல் இருக்கிறதா, பிளக் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். இங்கும் அதே முறைதான்.

உங்கள் தொல்லை எதுவோ நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யக் கிளம்பாதீர்கள்; அப்புறம் இந்த வழிமுறையே பட்டியலில் இன்னும் எட்டு வரியாகிவிடும். அலுவலகமும் போய்க்கொண்டு வீட்டையும் பார்க்கிற, தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் ஆளின் பட்டியலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்தச் சோதனை

டைரி, போன், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட மெசேஜ், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டு என்று சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் வரிக்கு வரி ஒரு குறி போடுங்கள். வெளியிலிருந்து வந்த கெடு ஏதாவது இருந்தால் 'தே'. நம்மை எதிர்பார்த்து யாராவது காத்துக்கொண்டிருந்தால் 'ஆ'. இரண்டும் இல்லையென்றால் குறியே வேண்டாம்.

குறி இல்லாத வரிகள்தான் அதிகம் என்றால் அடுத்த பகுதியிலிருந்தே தொடங்கலாம். 'ஆ' அதிகம் என்றால் டிக் அடிக்க அடிக்க நீள்வதைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். 'தே' அதிகம் என்றால் அபராதம் பற்றிய பகுதி.

அறிகுறி: பட்டியலைத் திறக்கவே மனம் வரவில்லை

இதற்குக் காரணம் எண்ணிக்கை இல்லை, கலப்படம். வேலை, ஆசை, கவலை மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 'கரண்ட் பில்' என்பது வேலை. 'மாடித் தோட்டம்', 'பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்ய' என்பவை ஆசைகள். 'அப்பா சுகர்' என்று எழுதியிருக்கிறோமே, அது கவலை. கவலைக்கு டிக் அடிக்க முடியாது. அதனால் அது ஒவ்வொரு நாளும் நம்மைப் பார்த்து முறைத்துக்கொண்டே இருக்கும்.

ஆசைகளை நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அழிக்க வேண்டாம், அழித்தால் மனசு கேட்காது, இரண்டே நாளில் திரும்ப எழுதிவிடுவோம். கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும், அது கடன் மாதிரி உறுத்தாது.

கவலையை வேலையாக மாற்றப் பாருங்கள். 'அப்பா சுகர்' என்ற வரியை அடித்துவிட்டு, 'அப்பாவுக்கு மூன்று மாதச் சராசரி டெஸ்ட் கடைசியாக எப்போது எடுத்தோம் என்று அம்மாவிடம் கேள்' என்று எழுதுங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு லேபுக்குச் சொல்வது அடுத்த வரி. எப்படிப் பார்த்தாலும் வேலையாக மாற மறுக்கிற கவலைகளும் உண்டு. தம்பிக்கு வேலை கிடைக்குமா என்பதில் உங்களால் இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றால், அதற்குப் பட்டியலில் இடமில்லை.

அறிகுறி: ஒரே வரி மாதக்கணக்கில் நகரவே இல்லை

இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம். பலருடைய மன உளைச்சலில் பெரிய பங்கு இப்படிப்பட்ட நாலைந்து வரிகளிலிருந்துதான் வருகிறது.

'பட்டா மாற்றணும்' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். வீடு வாங்கிப் பத்திரப்பதிவு முடிந்து ஒரு வருடமாகிறது. இந்த வரி டைரியிலிருந்து டைரிக்கு மாறிக்கொண்டே வருகிறது. சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இப்போதே தொடங்குவதென்றால் எதைக் கையில் எடுப்பேன்? எங்கே போவேன்? யாருக்குப் போன் செய்வேன்? பதில் சட்டென்று வரவில்லை என்றால் நீங்கள் எழுதியிருப்பது வேலை இல்லை, ஒரு தலைப்பு.

தலைப்பைப் பிரித்துப் பார்ப்போம். விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலோ ஆன்லைனிலோ போடலாம். ஆனால் அதற்கு முன், உங்கள் மனை ஒரு சர்வே எண்ணின் முழுப் பரப்பா, ஒரு பகுதியா என்று தெரிய வேண்டும். பகுதி என்றால் உட்பிரிவு செய்ய வேண்டும், சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாளும் கூடும். இதைத் தெரிந்துகொள்ளப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதிய பக்கத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக் கடன் இருப்பதால் அசல் பத்திரம் வங்கியில் இருக்கிறது. நகல்? பதிவன்று கூட வந்த மச்சானின் பையில் போனது. அவரிடம் கேட்க வேண்டும். ஆனால் போன தீபாவளிக்கு ஏதோ ஒரு பேச்சில் இருவருக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்.

ஆக, ஒரு வருடமாக அந்த வரி நகராததற்குக் காரணம் தாசில்தார் அலுவலகம் இல்லை, மச்சான்.

இப்போது வரியை மாற்றி எழுதுங்கள்: 'பத்திர நகலை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி மச்சானுக்கு மெசேஜ்.' நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் தங்கையிடம் சொல்லலாம், பெரிய விஷயமில்லை. நகராத வரிகளைக் கிளறினால் இப்படி ஒரு மனிதரோ, ஒரு காணாமல் போன காகிதமோ, மறந்துபோன ஒரு பாஸ்வேர்டோ அடியில் கிடக்கும். அதைத்தான் எழுத வேண்டும்.

எழுதும்போது நேரத்தையும் இடத்தையும் சேர்த்துவிடுங்கள். 'நாளைக்கு மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் மச்சானுக்கு மெசேஜ்.' இது ஏதோ அலங்காரத்துக்குச் சொல்வது இல்லை. எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்தவர்கள், வெறுமனே 'செய்யணும்' என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

பிரித்து எழுதியும் நகரவில்லையா? அப்படியென்றால் அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு விருப்பமே இல்லாமல் இருக்கலாம். சரி, விட்டுவிடலாமா, விட்டால் என்ன நட்டம் என்று ஒருமுறை யோசியுங்கள். பட்டாவை விட முடியாது. பழைய அலுவலக நண்பர்கள் சந்திப்பை ஏற்பாடு செய்கிற பொறுப்பைத் தாராளமாக விடலாம்.

அறிகுறி: டிக் அடிக்க அடிக்க நீள்கிறது

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். வரிசைகளைப் பற்றிய ஒரு சூத்திரத்தை ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்தார். நீண்ட நாள் சராசரியில், வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை என்பது வந்து சேரும் வேகத்தை ஒவ்வொருவரும் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. பட்டியலுக்குப் பொருத்திப் பாருங்கள். தினமும் 6 வரி சேர்கிறது, ஒவ்வொன்றும் சராசரியாக 15 நாள் கிடக்கிறது என்றால், உங்கள் பட்டியலில் எப்போதும் 90 வரி இருக்கத்தான் செய்யும். கிடக்கிற நாளை ஓரளவுதான் குறைக்கலாம். 6 என்பதை 4 ஆக்கினால், ஒவ்வொன்றும் அதே 15 நாள் கிடந்தாலும் 60-தான்.

அதனால் வாசலில் காவல் போடுங்கள். ஒரு வாரத்துக்குப் புது வரி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது யாரிடமிருந்து வந்தது என்று எழுதுங்கள். மேலாளரா, அபார்ட்மென்ட் குரூப்பா, அத்தையா, நீங்களேவா? பெரும்பாலும் ஓரிரண்டு வாசல் வழியாகத்தான் கூட்டம் வரும்.

மேலாளரிடம் 'முடியாது' என்று சொல்வது எல்லாருக்கும் வாய்க்காது. 'சார், இதை இன்றைக்கு எடுத்தால் அந்த ஆடிட் ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். எது முதலில் வேண்டும்?' என்று கேட்கலாம். தேர்ந்தெடுக்கும் வேலை அவருடையது. அதை அவரிடமே விடுங்கள். சொந்தக்காரர்களிடம் நாளைத் தள்ளிக் கேட்பது நல்லது: 'அத்தை, இந்த வாரம் நகரவே முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த ஃபாரத்தை நிரப்பித் தரட்டுமா?' பாதி நேரம் ஞாயிறுக்குள் வேறு யாராவது நிரப்பிக் கொடுத்திருப்பார்கள்.

நீங்களேதான் வாசல் என்றால், அது வேறு கதை. இன்ஸ்டாகிராமில் பார்த்த ஊறுகாய், யூடியூபில் பார்த்த முதலீட்டுத் திட்டம் எல்லாம் கடைசிப் பக்கத்துக்கு.

அறிகுறி: காலையில் பத்து போட்டேன், ராத்திரி மூன்றுதான் முடிந்தது

மூன்று முடித்தது நல்ல நாள்தான். பத்து போட்டதுதான் கோளாறு.

நம் எல்லாருக்கும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுகிற குணம் இருக்கிறது. கனடாவில் நடந்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், கடைசி ஆண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமாகப் போனால் இவ்வளவு என்று போட்ட கணக்கே பத்தவில்லை!

எனவே காலைக் கணக்கை மாற்றுங்கள். பெரிய பட்டியல் நோட்டிலேயே இருக்கட்டும். ஒரு சின்னச் சீட்டில் இன்றைக்கு மூன்று மட்டும் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றாவது கெடு இல்லாத, ஆனால் செய்தால் நிம்மதி தரும் வரியாக இருக்க வேண்டும். கெடு நெருங்கியது என்ற ஒரே காரணத்துக்காக, பலன் குறைவான வேலையைக்கூட முதலில் எடுத்துச் செய்யும் பழக்கம் நமக்கு உண்டு. விட்டால் நாள் முழுக்க அதிலேயே போய்விடும். மூன்றும் மதியத்துக்குள் முடிந்துவிட்டால் நான்காவதை எடுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. கெடு இல்லாத அந்த ஒன்றை மட்டும் வாட்ஸ்அப் திறப்பதற்கு முன் தொடங்கிவிடுவது நல்லது. திறந்துவிட்டால் அந்த நாள் மற்றவர்களுடையது.

அறிகுறி: படுத்தால்தான் எல்லாம் நினைவுக்கு வருகிறது

முடிக்காத வேலை மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை ப்ளூமா ஸைகார்னிக் 1927-லேயே எழுதினார். இதற்கு எளிய மருந்து ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 57 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்க வைத்தார்கள். படுப்பதற்கு முன் 5 நிமிடம் பாதிப் பேர் அடுத்த நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுத எழுத, தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது.

சிறிய ஆய்வுதான். ஆனாலும் செலவில்லாத மருந்து, முயன்று பார்க்கலாம். தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். போனில் எழுதாதீர்கள், எழுதிவிட்டு அப்படியே வேறு எங்கோ போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவோம்.

அறிகுறி: எதைக் கட்டினாலும் அபராதத்தோடுதான்

கரண்ட் பில்லும் இன்சூரன்ஸும் பட்டியலில் இருக்கவே கூடாது. திரும்பத் திரும்ப வருபவை காலண்டருக்குச் சொந்தம். ஒரு ஞாயிறு உட்கார்ந்து எல்லாவற்றையும் போன் காலண்டரில் ஏற்றி, 'ஒவ்வொரு வருடமும்' என்று போட்டுவிட்டால் பட்டியலில் நிறைய வரிகள் தானாக உதிர்ந்துவிடும்.

கெடு நாளில் நினைவூட்டல் வைத்தால் பயனில்லை. எங்கே லாபமோ அங்கே வையுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் கிடைக்கும். எனவே நினைவூட்டல் ஏப்ரல் 10, அக்டோபர் 10-க்கு. வீட்டு மின்கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் கிடைக்கும். எல்ஐசி பிரீமியத்துக்கு மாதத் தவணை என்றால் 15 நாள், மற்றத் தவணைகளுக்கு 30 நாள் சலுகை உண்டு.

வண்டி இன்சூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'இன்னும் 90 நாள் இருக்கிறதே' என்பார்கள். அந்த 90 நாள், இத்தனை வருடம் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸை, அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடியை, காப்பாற்றிக்கொள்வதற்கான அவகாசம் மட்டுமே. பாலிசி முடிந்த மறுநாளே வண்டிக்குப் பாதுகாப்பு இல்லை. நினைவூட்டலைப் பதினைந்து நாள் முன்னதாக வையுங்கள். குழந்தைகளின் ஆதார் கைரேகைப் புதுப்பிப்பு 5 வயதிலும் 15 வயதிலும் வரும். அதையும் இப்போதே ஏற்றிவிடலாம்.

அறிகுறி: வீட்டில் எல்லா நினைவும் என் தலையில்தான்

இது பெரும்பாலும் பெண்களின் புகார். 'சொன்னா செய்ய மாட்டேனா?' என்று வீட்டில் பதில் வரும். அவர் செய்வார்தான். ஆனால் சிலிண்டர் எப்போது தீரும் என்று கணிப்பது, புக் பண்ணச் சொல்வது, வந்ததா என்று பார்ப்பது எல்லாம் சொல்பவர் தலையிலேயே நிற்கிறது. அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டு வேலையின் சிந்தனைப் பகுதியை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பார்த்த தம்பதிகளில் முதலாவதும் கடைசியும் அதிகமாக மனைவிமார்களிடம் சேர்ந்திருந்தன. முடிவு மட்டும் பெரும்பாலும் சேர்ந்து எடுத்ததாக இருந்தது.

எனவே வேலையைக் கொடுக்காதீர்கள், துறையைக் கொடுங்கள். 'இன்றைக்கு கேஸ் புக் பண்ணிடுங்க' என்பது வேலை. 'இனிமேல் கேஸ், தண்ணி கேன், ரெண்டும் உங்க பொறுப்புங்க. நான் நினைவுபடுத்த மாட்டேன்' என்பது துறை. சொல்லிவிட்டு நிஜமாகவே நினைவுபடுத்தாமல் இருப்பதுதான் கஷ்டம். ஒருமுறை பாதிச் சாம்பாரில் அடுப்பு அணையும். அணையட்டும். நீங்கள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் சிலிண்டர் கேட்டால் துறை உங்களிடமே திரும்பி வந்துவிடும். குழந்தையின் தடுப்பூசி, பெரியவர்களின் மாத்திரை போன்றவற்றில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

அறிகுறி: ஆப் மாற்றிப் பார்த்தாச்சு, டைரி மாற்றிப் பார்த்தாச்சு

நிறுத்துங்கள். கையில் இருக்கும் எதுவோ அதுவே போதும், ஒரே இடமாக இருந்தால் சரி. புது ஆப்பில் வரிகளை ஏற்றி நிறம் கொடுப்பது வேலை செய்வது போலவே ஒரு திருப்தியைத் தரும். வேலை மட்டும் நடந்திருக்காது.

அறிகுறி: சரியானது, மறுபடி வந்துவிட்டது

வரத்தான் செய்யும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பட்டியலோடு உட்காருங்கள். நாலு வாரமாகத் தொடாத வரி இருந்தால் மூன்றில் ஒன்று: பிரித்து எழுதுங்கள், கடைசிப் பக்கத்துக்கு அனுப்புங்கள், இல்லை அடித்துவிடுங்கள். யாருக்காவது ஒப்புக்கொண்ட வேலையை அடிப்பதாக இருந்தால் அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு அடியுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் குறையவில்லை

இரண்டு சாத்தியம் உண்டு. முதலாவது, வேலை நிஜமாகவே ஓர் ஆளுக்கு மேல். ஒரு வாரம் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று குறித்துவைத்து, கையில் இருக்கும் மணி நேரத்தோடு ஒப்பிடுங்கள். வேலை 70 மணி நேரத்துக்கும் உங்களிடம் இருப்பது 50-ம் என்றால் எந்தப் பட்டியலும் அந்த 20-ஐ உண்டாக்காது. அந்தத் தாளோடு மேலாளரிடமோ வீட்டாரிடமோ உட்கார்ந்து பேச வேண்டும். பணம் கொடுத்து ஆள் வைக்க முடிந்த இடத்தில் வைப்பதில் வெட்கம் தேவையில்லை.

இரண்டாவது, தொல்லை பட்டியலில் இல்லை. நாலு வரிதான் இருக்கிறது, அதையும் தொட முடியவில்லை. இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றால், எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.